கை அறியாத சூடு

என் நாத்தனாருக்கு எதிலும் நடுவாந்திரம் என்பதே கிடையாது. சிரித்தால் தெருமுனை வரை கேட்கும். கோபம் வந்தால் கேட்கவே வேண்டாம், நானும் என் புருஷனும் கப்சிப்பென்று ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்துவிடுவோம். "உங்கக்கா ரொம்பத் தீவிரம்ப்பா" என்று நான் கேலி செய்வேன். கல்யாணம் செய்துகொள்ளாமல் தம்பியை வளர்த்து ஆளாக்கியவள். வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம். அதில் எனக்கு எரிச்சலும் உண்டு, ஏன் மறைக்க வேண்டும்?

அவளுக்கு வேலை ஒரு பெரிய சலவைக்கூடத்தில். ஆஸ்பத்திரி விரிப்புகளை வெந்நீர்த் தொட்டியில் ஊறப்போட்டு, சூடு ஆறுவதற்குள் தேய்த்து அலச வேண்டும். மற்றவர்கள் ரப்பர் கையுறை போடுவார்கள். இவள் மாட்டாள். உறை போட்டால் கறை போய்விட்டதா என்று விரலுக்குத் தெரியாதாம். புதிதாக வந்த ஒருத்தி தொட்டியில் விரல் வைத்துவிட்டு "ஐயோ அம்மா!" என்று துள்ள, இவள் முழங்கை வரை விட்டுத் துழாவி, "இதுக்கே இந்த ஆட்டமா? இதமாத்தானே இருக்கு!" என்றாளாம். கூடமே கைதட்டியதாம். வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னாள். நானும் சிரித்தேன்.

எனக்குப் பெண் பிறந்ததும் அவளுடைய தீவிரமெல்லாம் அந்தப் பக்கம் திரும்பியது. அவள் கொஞ்சுகிற கொஞ்சலில் குழந்தைக்கு மூச்சு முட்டும். "மெதுவா அண்ணி, பிச்சுத் தின்னுடாதீங்க" என்பேன். குளிப்பாட்டுவது மட்டும் என் வேலையாக இருந்தது. குழந்தை தவழ ஆரம்பித்த சமயம், ஒருநாள் எனக்குக் காய்ச்சல்.

"நீ படும்மா. என் தங்கத்தை நான் பாத்துக்கறேன்."

தண்ணீர் விளாவும் சத்தம் கேட்டது. அவள் தண்ணீரில் கையை விட்டுப் பார்த்ததைத் திறந்த கதவு வழியே நான் படுத்தபடியே பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் குழந்தையை இறக்கினாள். அடுத்து வந்த அலறலை நான் சாகிற வரை மறக்கமாட்டேன்.

"காயம் தீவிரமா இருக்கு" என்றார் டாக்டர். "ரெண்டு காலும் வெந்திருக்கு. தண்ணியத் தொட்டுப் பாக்கலையா?"

"பாத்தேன் டாக்டர். வெதுவெதுன்னுதான் இருந்துச்சு."

அவர் அவளுடைய தடித்த கையை வாங்கித் திருப்பிப் பார்த்தார். முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்ளச் சொல்லிவிட்டு விரல் நுனியில் ஊசியால் குத்தினார்.

"குத்தினது தெரிஞ்சுதா?"

"இன்னும் குத்தலையே டாக்டர்?"

விரலில் ஒரு பொட்டு ரத்தம் நின்றது. அப்போது எனக்கு அதெல்லாம் உறைக்கவில்லை. "இனிமே என் புள்ளை மேல கை வச்சீங்க, நான் மனுஷியா இருக்கமாட்டேன்!" என்று வராந்தாவே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். பதிலுக்கு அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். தலையை மட்டும் ஆட்டினாள்.

குழந்தை பிழைத்தது. கால்களில் தழும்பு நின்றுவிட்டது, ஆனாலும் நடக்கிறாள். சலவைக்கூடத்தில் அண்ணியை மடிப்பு மேசைக்கு மாற்றினார்கள். வீட்டில் அவள் குரலே கேட்பதில்லை. குழந்தை கிட்டே வந்தால் இரண்டு கையையும் முந்தானைக்குள் ஒளித்துக்கொள்வாள். அந்தப் பொல்லாத சிறுசுக்கோ அத்தைதான் வேண்டும்.

நேற்று அத்தை மடியில் ஏறிப் படுத்துத் தூங்கியே போனாள். அண்ணி கைகளை அந்தரத்தில் தூக்கி வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். எனக்குள் இன்னும் கோபம் இருக்கிறது. இருந்தும் அந்தக் கையைப் பிடித்துக் குழந்தையின் முதுகில் வைத்தேன்.

"எப்படி இருக்கா? சுடுதா?" என்று கேட்டாள்.

"இல்ல அண்ணி. சாதாரணமாத்தான் இருக்கா."

அவள் குழந்தையின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சாதாரணம்னா எப்படிம்மா இருக்கும்?"