எண்ணூர்க் கழிமுகத்தில் கசந்த கிழங்கு

யுத்தம் முடிந்த மறு வருஷம், ஒரு சனிக்கிழமை காலையில் ராயபுரத்தில் ரயிலேறினேன். கடலும் கழியும் கலக்கும் இடத்தைப் பார்க்க வேண்டுமென்று நெடுநாள் ஆசை. தோல் வியாபாரம் செய்யும் நண்பர் யூசுப் துணைக்கு வந்தார். திருவொற்றியூரில் ஆலைத் தொழிலாளிகள் இறங்கியதும் பெட்டி காலியாகிவிட்டது. பட்டணத்திலிருந்து எண்ணூர் பத்து மைல்தான்.

கழிக்கரையில் கன்னியப்பன் என்பவருடைய படகில் ஏறினோம். விடியற்காலையில்தான் கடலிலிருந்து திரும்பினாராம். அவர் ஊரான முகத்துவாரக்குப்பத்தை நெருங்கும்போது, படகு தள்ளும் மூங்கில் கழி அவர் கையிலிருந்து நழுவித் தண்ணீரில் விழுந்தது.

"தல சுத்துது பாய்..." என்று சொல்லி வாந்தியெடுத்தவர், அப்படியே சரிந்தார். மூச்சு இரைத்தது. யூசுப் படகில் கிடந்த துடுப்பைப் பிடித்துக் குப்பத்தில் கரைசேர்த்தார். அலறிக்கொண்டு ஓடிவந்தவள் கன்னியப்பனின் மனைவி அஞ்சலை.

"காலைல இன்னாம்மா சாப்ட்டாரு?" என்று யூசுப் கேட்டார்.

"மரவள்ளிக்கிழங்கு பாய். பசின்னாரு, தோலோட சாம்பல்ல சுட்டுக் குட்தேன்."

எனக்குச் சிரிப்புக்கூட வந்தது. நாகர்கோவில்காரன் நான், மீன்குழம்போடு இந்தக் கிழங்கைத் தின்றே வளர்ந்தவன். இதனால் யாருக்கு என்ன ஆகும்? கரையோரமிருந்த அவள் குடிசைக்குள் போய், அடுப்போரம் மிச்சமிருந்த துண்டைக் கடித்தேன். வேப்பங்காயாய்க் கசந்தது. துப்பிவிட்டு, "இந்தக் கிழங்குதான் காரணம்" என்றேன்.

"எங்கேருந்து வந்த கிழங்கு?" என்று அஞ்சலையைக் கேட்டேன்.

"மாவு மில்லுக்குப் போற வண்டிக்காரன் வித்தான் நைனா. ரேஷன்ல அரிசியே இல்ல. குப்பமே வாங்கிச்சு."

வைத்தியசாலைக்குக் கொண்டுபோகக் கன்னியப்பனை மறுபடி படகில் கிடத்தினோம். அஞ்சலையும் ஒரு காலை உள்ளே வைத்தாள். அப்போதுதான் திரும்பிப் பார்த்தாள். வீட்டுக்கு வீடு அடுப்பு புகைந்துகொண்டிருந்தது. வைத்த காலை எடுத்துவிட்டாள்.

"நீங்க இட்டுனு போங்க பாய்!" என்று கத்திவிட்டு மணலில் ஓடினாள். படகு நகரும்போது பார்த்தேன்: குடிசை குடிசையாய்ப் புகுந்து சட்டிகளைக் கவிழ்த்துக்கொண்டிருந்தாள். ஒருத்தி அவள் கூந்தலைப் பிடித்து இழுத்தாள். அப்போதும் அவள் நிற்கவில்லை.

ரயிலடி வைத்தியசாலையில், நாங்கள் கொண்டுபோன கிழங்கை டாக்டர் கீறி முகர்ந்தார். "இது கசப்பு ஜாதி. மாவாக்குவதற்கு மட்டும் பயிரிடுவது. விஷம் உண்டு, சுட்டால் போகாது. சாப்பாட்டுக் கிழங்கையும் தோல் சீவி, நறுக்கி, நிறையத் தண்ணீரில் நன்றாக வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும்" என்றபடியே ஊசி போட்டார்.

எங்கள் வீட்டிலும் அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுவார்கள். ருசிக்காக என்றே இத்தனை காலமும் நினைத்திருந்தேன்.

பிற்பகலில் கன்னியப்பன் கண் விழித்தார். மாலையில் அஞ்சலை வந்து சேர்ந்தாள், கன்னத்தில் நகக்கீறலோடு. குப்பத்தில் இரண்டு பேர் வாந்தியெடுத்தார்களாம், உயிருக்கு மோசமில்லை. கணவரின் காலைத் தொட்டுப் பார்த்தாள்; டாக்டர் சொன்னதையெல்லாம் யூசுப்பிடம் கேட்டுக்கொண்டு என்னிடம் வந்தாள்.

"ஊட்ல இன்னும் ஒரு மூட்டை கீது நைனா. டாக்டர் சொன்னாப்ல தண்ணிய கொட்டிட்டா துன்னலாமா?"

"வேண்டாம்மா. இந்தக் கிழங்கை அப்படியும் நம்ப முடியாது. புதைத்துவிடுங்கள்."

"பொதைச்சிட்றேன். குப்பத்துல எல்லார் சட்டியும் நான்தான் கவுத்தேன். நாளிக்கு இன்னா துன்றதுன்னு என்னைத்தானே கேப்பாங்க?"