மார்க்கண்டரின் வெறும் போத்தல்

வேலிப் படலையைத் திறக்கும்போதே மார்க்கண்டரின் கையில் ஒரு வெறும் மண்ணெண்ணெய்ப் போத்தல் தொங்கும். அதன் கழுத்தில் கட்டிய கயிற்றை விரலில் கோத்துக்கொண்டு யாழ்ப்பாணத்துக் கொக்குவில் ஒழுங்கைகளில் விசுக்கு விசுக்கென்று நடப்பார். எண்ணெய் வாங்கும் எண்ணம் துளியும் கிடையாது. வேலைவெட்டி இல்லாமல் ஒரு மனிதன் சும்மா நடந்தால் ஊர் விடுமா? எங்கே போகிறார் என்றறிய, "அண்ணை, தூரமோ?" என்று வேலிக்கு வேலி கேட்கும். போத்தலைத் தூக்கிக் காட்டினால் கேள்வி அடங்கிவிடும்.

கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜராக இருந்த காலத்தில் அவர் கடைவாசலில் நின்றால், சாமான் வாங்க வந்தவர்கள் வெளியேதான் நிற்க வேண்டும். அவரை நிறுக்க மூட்டைத் தராசுதான் தோது. தன் கால்விரல்களை அவர் கண்டு பல வருடங்கள். செருப்பு வாரைப் பூட்டிவிடுவது மனைவி பூரணத்தின் வேலை. பென்சன் எடுத்த கையோடு லண்டனிலிருந்த மகனிடம் போனார். அங்கே டாக்குத்தர்மார் வயிற்றைச் சிறிதாக்கித் தைத்துவிட்டார்கள். "அப்பா, ஒவ்வொரு நாளும் நடக்க வேணுமாம். விட்டியளெண்டால் பழையபடி ஊதிப்போவியளாம்" என்று மகன் சொல்லி அனுப்பினான். தொண்ணூறில் சண்டை மூண்டு யாழ்ப்பாணத்துப் பாதை பூட்டுப்படுமுன் ஊர் வந்து சேர்ந்தார்.

இப்போது பாதி ஆள்தான் மிச்சம். மனிதருக்கோ அளவில்லாத சந்தோசம். கிணற்றில் தானே அள்ளிக் குளிக்கிறார். "என்ரை செருப்பை நானே பூட்டுறன், தெரியுமோ?" என்று வழியில் காண்பவரிடமெல்லாம் சொல்லுவார். கேட்டவர்கள் பரிதாபமாகத் தலையாட்டிவிட்டுப் போவார்கள். வயிற்றைத் தைத்து மெலிய வைக்கிற வைத்தியம் ஒன்று உண்டென்று நம்ப அவர்களுக்கென்ன பைத்தியமா? சிலர் சீனி வருத்தம் என்றார்கள், சிலர் அதைவிடப் பெரிதாக ஏதோ என்றார்கள். நொந்துபோனவள் பூரணம்தான். இரண்டு வாய் சோற்றோடு அவர் கையலம்ப எழும்பும்போதெல்லாம், "நான் சமைச்சுப் போடுறேல்லை எண்டெல்லோ சனம் கதைக்குது" என்று மூக்கைச் சிந்துவாள். கலியாண வீடுகளுக்கு அவரை இரண்டு பெனியன் போட்டுத்தான் கூட்டிப்போவாள்.

பாதை பூட்டியபின் மண்ணெண்ணெய் மருந்துக்கும் கிடையாமல் போயிற்று. வீட்டுக்கு வீடு ஜாம் போத்தல் விளக்கில் சொட்டுச் சொட்டாக எரித்தார்கள். அந்த நாளில் ஒரு காலை, அடுத்த வளவுத் தங்கமுத்து அவரை மறித்தாள்.

"ஒவ்வொரு நாளும் வெறும் போத்தலோடை அலையிறியள் அண்ணை. பாக்கேலாமல் கிடக்கு."

தன் வீட்டு எண்ணெயில் கொஞ்சத்தை ஊற்றியே விட்டாள். உண்மையைச் சொல்ல மார்க்கண்டருக்கு வாய் வரவில்லை. விசயம் வேலி தாண்டி முன்னே ஓடியது. எதிர்வீட்டுக் கதிரவேலு ஊற்றினார், அவருக்கு அப்பால் இன்னும் இரண்டு வீட்டார் ஊற்றினார்கள். வீடு வந்தபோது போத்தல் கழுத்துமட்டும் நிரம்பியிருந்தது.

"பிச்சை எடுத்தனியளோ?" பூரணம் கத்தினாள். "மனேஜரின்ரை பெண்சாதி நான், இனி எந்த முகத்தோடை ஒழுங்கையிலை போறது?"

எண்ணெயை வீடு வீடாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்து போத்தலை ஒளித்தாள். இனி அவர் படலை தாண்டக் கூடாது என்பது கட்டளை.

மார்க்கண்டருக்கு உள்ளுக்குள் பயம் பிடித்துக்கொண்டது. பழைய வயிறு திரும்பி வந்தால்? மறுபடி காலை நீட்டிக்கொண்டு பூரணத்தைக் கூப்பிட வேண்டுமா? விடியற்காலையில் வளவுக்குள்ளேயே கிணற்றைச் சுற்றி நடக்கத் தொடங்கினார். கல் தடக்கக் கூடாதென்று குனிந்தபடி சுற்றினார். வேலிக்கு மேலால் பார்த்த தங்கமுத்து, அவர் விழத்தான் இடம் பார்க்கிறார் என்று எண்ணிக் குழறினாள்.

"ஐயோ, ஓடிவாங்கோ! அண்ணை கிணத்தைச் சுத்துறார்!"

கதிரவேலு பாய்ந்து வந்து அவரை இடுப்போடு கட்டிப்பிடித்தார். முன்னென்றால் அந்த இடுப்புக்கு இரண்டு கதிரவேலு வேண்டும்.

"எட, விடடாப்பா! நான் நடக்கிறன்!"

"என்ன கஷ்டமெண்டாலும் எங்களிட்டைச் சொல்லுங்கோ அண்ணை. சாப்பாட்டுக்கும் வழியில்லையோ?"

ஓடிவந்த எல்லாருமாகத் திரும்பிப் பூரணத்தைப் பார்த்தார்கள்.

அன்று பின்னேரம் வெளியே போகும் சேலை உடுத்து, செருப்பும் மாட்டிக்கொண்டு பூரணம் வந்து நின்றாள்.

"எழும்புங்கோ, நடப்பம். போத்தல் வேண்டாம்."

அவருக்குப் பின்னால் அல்ல, பக்கத்திலேயே நடந்தாள். மார்க்கண்டர் வெறுங்கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் வந்தார். ஒழுங்கை முடக்கில் தங்கமுத்துவும் கதிரவேலுவும் நின்றார்கள்.

"ரெண்டு பேருமாய்... தூரமோ அக்கா?" தங்கமுத்து கேட்டாள்.

பூரணம் நின்றாள். சேலையைக் கொஞ்சம் தூக்கி, வார் இறுக்கப் பூட்டியிருந்த வலது காலை ஒழுங்கையின் நடுவே நீட்டினாள்.

"இஞ்சாருங்கோ, உந்த வார் கழண்டுபோச்சுது. ஒருக்காப் பூட்டிவிடுங்கோ."

மார்க்கண்டர் வாரைப் பார்த்தார், அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு ஒரு மூச்சும் வாங்காமல் மடமடவென்று குந்தி, வாரைக் கழற்றி, எல்லாரும் பார்த்திருக்க ஆற அமரப் பூட்டினார்.