செல்வி கேமராவை நிறுத்திய இடம்

என் தோழி செல்வி போனிலேயே குறும்படம் எடுப்பவள். வசனம் எழுதமாட்டாள். இரண்டு பேரை உட்காரவைத்து ஒரு சூழ்நிலையை மட்டும் சொல்வாள். மிச்சம் அவர்கள் பாடு.

இன்று காலை தாராவியில், இப்ராஹிம் பாயின் பை தைக்கும் பட்டறையில் ஷூட்டிங். நடித்தது பாயும் அவர் மனைவி சகீனா அக்காவும். நான் மைக் பிடித்தேன்.

"ஊர்ல இருந்து வந்த மனைவியைக் கூப்பிட புருஷன் தாதர் ஸ்டேஷனுக்கு வரலை. அவ்வளவுதான், பேசுங்க" என்றாள் செல்வி.

அக்கா ஆரம்பித்தார். "ஏன் வரல?"

பாய் கையிலிருந்த பையைக் கீழே வைத்தார். பிறகு சொன்னார். "ஒங்க உம்மா மௌத்துக்கே, அடக்கத்துக்குக்கூட நான் ஊருக்கு வரல சகீனா. ஆர்டரு ஆர்டருன்னு இங்கயே கெடந்துட்டேன். தப்புதான்."

இது செல்வி கொடுத்த கதையில் இல்லை. அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

செல்வி சட்டென்று கேமராவை நிறுத்தி, என்னையும் வெளியே இழுத்து வந்துவிட்டாள்.

"பைத்தியமா? இனிமேதானே சீனே இருக்கு!" என்றேன்.

"இனிமே அவங்க பேசுறது படத்துக்கு இல்லடா."

எத்தனை டைரக்டருக்கு இந்த மனசு வரும்? சந்தில் நின்று சாயா குடித்தோம்.

திரும்பிப் போனபோது அக்காவுக்குக் கண் சிவந்திருந்தது, ஆனால் சிரித்தார். "ஏம்மா, அவுக தப்புதான்னு சொன்னது பதிவாயிருக்கா? எனக்கு வாட்ஸப்புல அனுப்பிரு. நாளைக்கு, 'நான் எப்ப சொன்னேன்'னு கேப்பாக."

வீட்டில் வந்து இதைச் சொன்னேன். "அடுத்த படத்துல நம்ம ரெண்டு பேரையும் போடச் சொல்லுங்க" என்கிறாள் என் மனைவி.

என்ன சொல்லித் தப்பிப்பது, நண்பர்களே?