சாய்தளத்தில் ஒரு கோலம்

எங்கள் காலனிப் பூங்காவுக்கு நடக்க வருகிறவர்கள் யாரும் நடந்து வருவதில்லை. அடுத்த தெருக்காரர்கூட வண்டியில்தான் வருவார். அதை வாசலை ஒட்டி நிறுத்திவிட்டு, உள்ளே போய்க் கையை வீசிக்கொண்டு சுற்றிச் சுற்றி நடப்பார். தாம்பரத்துக்குக் குடிவந்த நாளிலிருந்து இதைப் பார்த்துச் சிரித்தவன் நான். போன வருடம் என் மனைவிக்குப் பக்கவாதம் வந்து, அவள் சக்கர நாற்காலியில் உட்கார்ந்த பிறகு சிரிப்பு நின்றுபோனது.

அவள் ஆசைப்பட்டது ஒன்றே ஒன்றுதான். பூங்காவுக்குள் புங்கமரத்தடி பெஞ்சில் தினமும் காலையில் கூடும் தோழிகளோடு மறுபடியும் உட்கார வேண்டும். ஆனால் வாசலில் படிகள். நாற்காலியோடு தூக்கிப் போகிறோம் என்று பலரும் முன்வந்தார்கள். "நாலு பேர் தூக்கிட்டுப் போற நேரம் எனக்கு இன்னும் வரலை" என்று சொல்லிவிட்டாள்.

நடையாளர் சங்கத்தில் நான் சொல்லிச் சொல்லி, ஒருவழியாகப் படிக்குப் பக்கத்தில் சிமெண்டில் சாய்தளம் வந்தது. முதல் நாள் புதுப்புடவை கட்டிக்கொண்டு கிளம்பினாள். போய்ப் பார்த்தால் சாய்தளம் முழுக்க இரு சக்கர வண்டிகள். நிழலான இடம், ஏற்றவும் வசதி, விடுவார்களா?

"இது வண்டி நிறுத்துற இடமாய்யா?" என்று கத்தினேன்.

"இன்னா சார், ரெண்டு ரவுண்டு அடிச்சிட்டு எடுத்துடப் போறேன். காலங்காத்தால பேஜார் பண்ணாத சார்" என்றார் சிவப்பு பைக்கில் வந்த ஒருவர்.

அறிவிப்புப் பலகை வைத்தேன். அதில் ஹெல்மெட் மாட்டினார்கள். தினமும் சண்டை, என் ரத்த அழுத்தம் ஏறியதுதான் மிச்சம். அவள் தெருவோரத்திலிருந்தே தோழிகளுக்குக் கையசைத்துவிட்டுத் திரும்புவாள். அதைப் பார்க்க எனக்குப் பொறுக்காது.

ஒருநாள் மாலை அவளே கேட்டாள்: "நம்ம வாசல்ல நான் கோலம் போட்டிருந்தப்போ யாராவது அது மேல வண்டிய விட்டிருக்காங்களா?"

மறுநாள் விடியும்போதே அவளுடைய தோழி ஒருத்தி கோலப்பொடியோடு வந்து, சாய்தளத்தைக் கூட்டித் தண்ணீர் தெளித்தாள். வலது கை வராத என் மனைவி நாற்காலியிலிருந்தபடி புள்ளி புள்ளியாகச் சொல்லிக்கொண்டே இருந்தாள். "எனக்கும் கோலம் போடத் தெரியும்டி, சும்மா இரு" என்று தோழி அதட்டினாள். சாய்தளம் முழுக்கச் சிக்குக் கோலம் நிறைந்தது.

சிவப்பு பைக் வந்தது. சாய்தளத்தில் ஏறப்போன வண்டி சட்டென்று நின்றது. கீழே பார்த்தவர், வண்டியை மதிலோரமாகத் தள்ளிக்கொண்டு போனார். பின்னால் வந்தவரிடம், "மச்சான், கோலம் கீது, கண்ணு தெரியல?" என்று வேறு கோபித்துக்கொண்டார்! எனக்கு விசிலடிக்கத் தோன்றியது.

நாற்காலியைச் சாய்தளத்தை நோக்கித் தள்ளினேன். அவள் இடது கையால் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"நில்லுங்க. கோலத்து மேலயா ஏத்துவீங்க?"

"இதுக்காகத்தானே இவ்வளவும்!" எனக்குக் கோபம் தலைக்கேறியது.

அவள் கோலத்தைப் பார்த்தாள்; பெஞ்சிலிருந்து எட்டிப் பார்க்கும் தோழிகளைப் பார்த்தாள். கையைச் சக்கரத்திலிருந்து எடுக்கவில்லை. கோலம் போட்டவள்தான் இடுப்பில் சொருகியிருந்த முந்தானையை உதறிக்கொண்டு, "நாளைக்கும் வந்து போடத்தானே போறேன், ஏறி வாடி" என்றாள்.

என் மனைவி கையை எடுத்தாள். ஏறினோம். ஒரு வருடத்துக்குப் பிறகு பூங்காவுக்குள் போனோம்.

பெஞ்சருகே நாற்காலியைத் திருப்பியபோதுதான் கவனித்தேன். வாசலிலிருந்து அங்கே வரைக்கும் சக்கரத்தில் ஒட்டிய மாவு இரண்டு வெள்ளைக் கோடுகளாக வளைந்து நெளிந்து வந்திருந்தது. அவளும் பார்த்தாள்.

"பாருங்கடி, எங்க வீட்டுக்காரர் போட்ட கோலத்தை. ரெண்டே இழை, அதுகூட நேரா வரலை."

எல்லோரும் சிரித்தார்கள். அவள் என்னைக் கேலி செய்து ஒரு வருடம் ஆகியிருந்தது.