அரை மணி நேரம் தள்ளி

தாம்பரத்தை ஒட்டிய சேலையூர்ப் பக்கம் எந்த வீட்டுக்குப் போனாலும் கம்ப்யூட்டருக்குச் சட்டை போட்டிருக்கிறார்கள். திரைக்கு ஒன்று, பெட்டிக்கு ஒன்று, கீபோர்டுக்கு ஒன்று. பூப்போட்ட துணியில், ஓரத்தில் சுருக்கம் வைத்து, வீட்டம்மா தன் கையாலேயே தைத்திருப்பார். அதைக் கழற்றி மடித்து வைத்த பிறகுதான் நான் வேலையைத் தொடங்க முடியும். செருப்பை வாசலிலேயே விட்டுவிட வேண்டும். திரையின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் இருக்கும். கிறிஸ்தவ வீடென்றால் ஒரு ஜெபமாலை தொங்கும். முதல் தடவை பார்த்தபோது சிரிப்பு வந்தது. இப்போது வருவதில்லை. நான் புறப்பட்ட காலத்தில் எங்கள் ஊரில் மின்சாரமே இல்லை. அங்கே ஒரு கம்ப்யூட்டர் வந்திருந்தால் அதற்கு என்ன மரியாதை செய்திருப்போம் என்று எனக்குத் தெரியாது. ரொறன்ரோவிலோ பாரிஸிலோ இருந்து இதை வாசிக்கிற நீங்கள் இதற்குச் சிரிப்பீர்கள் என்று நினைக்கிறேன். சிரியுங்கள், தவறில்லை.

நான் தனசேகர் அண்ணன் கடையில் வேலை செய்கிறேன். முன்பக்கம் எஸ்.டி.டி. பூத், பின்பக்கம் கம்ப்யூட்டர் பாகங்களைப் பூட்டிச் சேர்க்கிற அறை. அண்ணனின் குடும்பம் இந்த ஊரின் பழைய குடும்பம். நெல் விளைந்த நிலமெல்லாம் மனைகளாகிப் போன பிறகு, மிஞ்சிய ஒரு துண்டில் இந்தக் கடையைக் கட்டினார். நான் யார் என்று இந்த வட்டாரத்தில் அவருக்கு மட்டும்தான் தெரியும். அகதிப் பதிவுக்குப் போலீஸ் ஸ்டேஷனுக்கு என்னோடு வந்து, "நம்ம பையன் சார்" என்று சொல்லி நின்றவர் அவர்தான். மற்றவர்களுக்கு நான் ராமநாதபுரம் பக்கம். சிலோன் என்று சொன்னால் வீடு வாடகைக்குக் கிடைக்காத காலம் ஒன்று இருந்தது. அப்போது சொல்லத் தொடங்கிய பொய் நாவிலேயே தங்கிவிட்டது. 'கதைக்கிறேன்' என்பதை 'பேசுறேன்' ஆக்கினேன், 'ஓம்' என்பதை 'ஆமா' ஆக்கினேன். வீட்டில் சிவம் என்று கூப்பிடப்பட்ட சிவநேசன் 'சிவா' ஆனான். இதெல்லாம் வருத்தத்தோடு நடந்தது என்று எழுதினால் உங்களுக்குப் பிடிக்கும். உண்மையில் வருத்தம் ஒன்றும் இருக்கவில்லை. வேலை முடிந்து அறைக்குப் போனால் பேச ஆளில்லை, அதனால் எந்தப் பேச்சும் தேவைப்படவில்லை.

வேலை எப்போதும் ஒன்றுதான். "ரொம்ப ஸ்லோவா இருக்கு" என்பார்கள். நான் போய் டிஸ்கை முழுவதும் அழித்துவிட்டு விண்டோஸைப் புதிதாக ஏற்றுவேன். ஏற்றி முடித்து முதல் தடவை எழும்பும்போது திரை பதினாறே நிறங்களில், எழுத்துகள் பெரிது பெரிதாக, பார்க்கவே சகிக்காது. வீட்டுக்காரர் முகம் வாடிவிடும். கெட்டுப்போச்சா என்று கேட்பார். இனிமேல்தான் சார் இருக்கிறது என்பேன். அதன் பிறகு டிஸ்ப்ளே, சவுண்டு, மோடம், பிரிண்டர் என்று ஒவ்வொன்றுக்கும் அதை இயக்குகிற டிரைவர் ப்ரோகிராம் போடவேண்டும். ஒவ்வொரு தடவையும் அணைத்து எழுப்பவேண்டும். தேவையில்லாமல் தானாக எழும்புகிற ப்ரோகிராம்களை நிறுத்தவேண்டும். எல்லாம் முடிந்ததும் கடைசியாக டிஃப்ராக். டிஸ்கில் சிதறிக் கிடக்கும் துண்டுகளை அது தேடித் தேடி ஒன்றாக அடுக்கும். திரையில் சின்னச் சின்னக் கட்டங்கள் நிறம் மாறிக்கொண்டே இருக்கும். எத்தனை நேரமானாலும் நான் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். நம்மவர்கள் யாராவது பக்கத்தில் இருந்தால் உடனே சிதறிப்போன குடும்பங்களைப் பற்றி ஒரு வசனம் சொல்லியிருப்பார்கள். எனக்கு அப்படியெல்லாம் தோன்றியதில்லை. கட்டங்கள் நகர்ந்தன, நான் பார்த்தேன், அவ்வளவுதான்.

விண்டோஸ் ஏறும்போது நடுவில் ஒரு கேள்வி கேட்கும். நீங்கள் எந்த நேர மண்டலத்தில் இருக்கிறீர்கள் என்று ஒரு பட்டியலை நீட்டும். கீழே உலகப் படம். விண்டோஸ் தொண்ணூற்றைந்தில் பம்பாய், கல்கத்தா, மதராஸ், புதுடில்லி, கொழும்பு எல்லாம் ஒரே வரியில் இருந்தன. அந்த வரியைத் தேர்ந்தெடுக்கும்போது எனக்கு ஒரு சின்ன வசதி. நாள் முழுக்கக் கேட்கப்படும் கேள்விகளில் அது ஒன்றுக்குத்தான் நான் பொய் சொல்லத் தேவையில்லை.

பிறகு இலங்கையில் நேரத்தை மாற்றினார்கள். ஊரில் இருப்பவர்களுக்கு இது தெரிந்த கதை, மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அரசாங்கம் கடிகாரத்தை முன்னே தள்ளியது, பிறகு கொஞ்சம் பின்னே இழுத்து, பழைய நேரத்துக்கு அரை மணி முன்னால் நிறுத்தியது. புலிகள் கையில் இருந்த வன்னிக்குள் அதை ஏற்கவில்லை. காட்டுக்குள் பழைய நேரம், சோதனைச்சாவடி தாண்டி வவுனியாவுக்குள் வந்தால் புதிய நேரம். கலியாணத்துக்குச் சொல்ல வருபவரிடம்கூடப் பழைய நேரமோ புதிய நேரமோ என்று கேட்பார்களாம். அப்பாவும் அக்காவும் இடம்பெயர்ந்து வன்னியில் இருந்தார்கள். ஆகவே அவர்கள் பழைய நேரத்தில் இருந்தார்கள். பழைய நேரமும் தாம்பரத்து நேரமும் ஒன்றுதான்.

வன்னியில் டெலிபோன் இல்லை. நான் படகேறிய நாளிலிருந்து அப்பாவின் குரலைக் கேட்டதில்லை. போன ஐப்பசியில் ரொறன்ரோவிலிருந்து சித்தப்பா மகன் குகன் கடைக்குப் போன் எடுத்தான். "வன்னியை விட்டு வெளியில வர பாஸ் கிடைச்சிட்டுது. அக்கா பெரியப்பாவை வவுனியாவுக்குக் கூட்டிக்கொண்டு வாறா. வெள்ளிக்கிழமை காலமை பத்து மணிக்கு உனக்கு எடுப்பினம். போனடியில நில்," என்றான். எந்தப் பத்து என்று நான் கேட்கவில்லை. அக்கா கையில் கட்டியிருப்பது வன்னிக் கடிகாரம். வன்னிப் பத்து என்றால் தாம்பரத்துப் பத்து. கணக்குச் சரியாக வந்தது.

அந்த வாரம் முழுக்க நான் ஒத்திகை பார்த்தேன். குளிக்கும்போது, சைக்கிளில் போகும்போது, "அப்பா, நான் சிவம் கதைக்கிறன், சுகமா இருக்கிறியளோ?" என்று வாய்க்குள் சொல்லிப் பார்த்தேன். 'கதைக்கிறன்' முதலில் வரவில்லை, 'பேசுறேன்' என்றுதான் வந்தது. பிறகு வந்தது. அப்பாவுக்குக் காது மந்தமாகிவிட்டது என்று குகன் சொல்லியிருந்தான். குரலை அவர் அடையாளம் பிடிக்காவிட்டால் பேச்சையாவது பிடிக்கட்டும் என்று எண்ணினேன். வேறு ஒன்றும் எனக்கு அந்தப் போனில் வேண்டியிருக்கவில்லை. நான்தான் என்று அவர் அறியவேண்டும்.

அந்த வெள்ளிக்கிழமை மாடம்பாக்கத்தில் ஒரு வேலை விழுந்தது. கோயிலுக்குப் பின்தெருவில் கோபால் சார் வீடு. வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகுகாலம் தொடங்கிவிடும், அதற்குள் புது விண்டோஸ் எழும்பிவிடவேண்டும் என்று காலையிலேயே வரச்சொல்லியிருந்தார். எனக்கும் அது வசதிதான். பத்துக்கு முன் கடைக்குத் திரும்பிவிடலாம். வீட்டம்மா கம்ப்யூட்டரின் சட்டைகளைக் கழற்றி மடித்தார். சார் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, திரையில் வந்ததையெல்லாம் வாய்விட்டு வாசித்தார். தொண்ணூற்றெட்டை நான் ஏற்றுவது அதுதான் முதல் தடவை.

நேரப் பட்டியல் வந்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன், ஒன்பதரை. பம்பாய், கல்கத்தா, மதராஸ், புதுடில்லி. வரி அதோடு முடிந்துவிட்டது. கொழும்பு எங்கே என்று தேடினேன். கொஞ்சம் கீழே, தனி வரியில், அரை மணி நேரம் தள்ளி நின்றது.

"என்ன தம்பி பார்க்கிறீங்க? மதராஸ்தான் நம்மளது," என்றார் சார்.

"ஆமா சார்."

மதராஸைத் தேர்ந்தெடுத்தேன். கொழும்பு தனியாகப் போனதைப் பார்த்தும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. வவுனியாவில் அப்போது பத்து மணி. டிஸ்ப்ளே டிரைவரை மட்டும் போட்டு, டிஃப்ராக்கை ஓடவிட்டு, மிச்சத்தை மதியம் வந்து பார்க்கிறேன், அதுவரை யாரும் தொடவேண்டாம் என்று சொல்லிவிட்டு சைக்கிளை மிதித்தேன். நேரம் கையில் இருக்கிறது என்ற நினைப்பில் வழியில் முகம்கூடக் கழுவிக்கொண்டேன்.

தனசேகர் அண்ணன் கடை வாசலிலேயே நின்றார்.

"இன்னாபா சிவா, எங்க போய்ட்ட? போன் வந்து போயிடிச்சுபா."

"பத்து மணிக்குத்தானேண்ணா?"

"ஒம்போதரைக்கே வந்துடிச்சு. உங்க நைனா."

உள்ளே கடிகாரத்தில் பத்தாக இன்னும் சற்று நேரம் இருந்தது. அக்கா தன் கைக் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. வவுனியாவில் போன் கடைச் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்திருக்கிறார்.

அண்ணன் என்னை உட்காரவைத்துச் சொன்னார். "தம்பி, தம்பின்னாரு. மொதல்ல உங்க அண்ணன்னு நெனச்சுக்கினேன். அப்பா பேசுறேன் தம்பின்னாரு. அப்பறம் ஒரே அழுவை. நீ இல்லன்னு சொன்னேம்பா, அவரு காதுல வுழல. அவரு பாட்டுக்குப் பேசிக்கினே கீறாரு. வயசானவரு, அவ்ளோ தூரம் வந்துக்கீறாரு. புள்ள இல்லன்னு மறுபடி கத்திச் சொல்ல எனக்கு மனசு வரல. சாப்ட்டியான்னாரு. சாப்ட்டேம்பான்னேன்."

எங்கள் பக்கம் அப்பா மகனைத் தம்பி என்றுதான் கூப்பிடுவார். அப்பா 'சாப்பிட்டியோ' என்றுதான் கேட்டிருப்பார். அண்ணன் வாயில் அது மாறி வந்தது.

"வேற என்னண்ணா கேட்டாரு?"

"ஒடம்பு எப்டிக்கீதுன்னாரு. நல்லாக்கீதுபான்னேன். எப்ப வூட்டுக்கு வருவேன்னாரு." அண்ணன் போனைத் திரும்பிப் பார்த்தார். "பொங்கலுக்கு வந்துர்றேம்பான்னு சொன்னேன். அதோட லைன் கட் ஆயிடிச்சு. தப்பா சொல்ட்டனாபா?"

இல்லை என்றேன். ஒரு அப்பா கேட்டால் இந்த ஊரில் எந்த மகனும் அதைத்தான் சொல்வான். பொங்கலுக்கு ஊர் என்பது பெட்டியைத் தூக்கிக்கொண்டு தாம்பரத்தில் பஸ் ஏறுவது. அண்ணன் தனக்குத் தெரிந்த நல்ல பதிலைச் சொல்லியிருக்கிறார். பூத்துக்கு வந்த இரண்டு பேரை அவர் திருப்பி அனுப்பி, லைனைக் காலியாக வைத்தார். ராகுகாலம் முடியும்வரை இருவரும் போனுக்கு எதிரே உட்கார்ந்திருந்தோம். அது அடிக்கவில்லை. எனக்கு அழுகை வரவில்லை. அண்ணன் மேல் கோபமும் வரவில்லை. வாரமெல்லாம் ஒத்திகை பார்த்த அந்த ஒரு வசனம் மட்டும் வாய்க்குள் கிடந்தது.

மதியம் மாடம்பாக்கத்துக்குப் போனேன். டிஃப்ராக் முடிந்திருந்தது. "சும்மா பறக்குது தம்பி!" என்று சார் சந்தோஷப்பட்டார். வீட்டம்மா திரைக்குப் புதுப் பொட்டு வைத்துவிட்டு எனக்குக் காபி கொண்டுவந்தார். "பொங்கலுக்கு ஊருக்குப் போவீங்க இல்ல? ராம்நாட்டுக்கு இப்பவே டிக்கெட் எடுத்துடுங்க, அப்புறம் கிடைக்காது," என்றார். சரிம்மா என்றேன்.

சில வாரம் கழித்துக் குகன் போன் எடுத்தான். "பெரியப்பாவுக்குச் சரியான சந்தோசமாம். காண்கிற ஆக்களுக்கெல்லாம் தம்பி தைப்பொங்கலுக்கு வாறான் எண்டு சொல்லித் திரியிறாராம். ஆனா உன்ர பேச்சு முழுக்க இந்தியாக்காரன் மாதிரி மாறிப்போச்செண்டு ஒரு கவலை. என்னட்ட நல்லாத்தானே கதைக்கிறாய்! உண்மையாத்தான் வாறியோ எண்டு அக்கா கேக்கச் சொன்னவ."

"பாப்பம்," என்றேன்.

பேசியது நான் இல்லை என்று அவனிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் அது எப்படியும் அப்பாவிடம் போய்ச்சேரும். சேர்ந்தால் அந்தப் போன் அவருக்கும் இல்லாமல் போகும். எனக்குத்தான் இல்லை, அவருக்காவது இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். பாஸ்போர்ட் இல்லாதவன் எப்படிப் போவான், வவுனியா தாண்டி எப்படி உள்ளே நுழைவான் என்பதெல்லாம் அக்காவுக்குத் தெரியாததல்ல. அவரும் அப்பாவிடம் அதைச் சொல்லவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

தை வந்தது. போகிப் புகை அடங்கும் முன்பே தாம்பரம் பஸ் நிற்கிற இடமெல்லாம் பெட்டியும் மூட்டையுமாக ஜனம். சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அதன் நடுவே போனேன். ஒரு கண்டக்டர் என் தோளைத் தட்டி, "திண்டிவனமா, விழுப்புரமா? எந்த ஊரு சார்?" என்று கேட்டார். பதில் சொல்வதற்குள் அடுத்தவரைக் கேட்கப் போய்விட்டார். பொங்கலன்று தனசேகர் அண்ணன் கரும்போடு கடைக்கு வந்து வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டார். கரும்பைச் சுவரில் சாய்த்துவிட்டு, "ராமேஸ்வரம் தாண்டுனா வந்துடாதாபா உங்க ஊரு?" என்று கேட்டார். வந்துடும்ணா என்றேன். அவர் முகத்தில் நிம்மதி தெரிந்தது. வேலை ஒன்றை முடித்துவிட்டு வருகிறேன் என்று அவரை அனுப்பினேன்.

உண்மையில் வேலை எதுவும் இல்லை. கடையின் சொந்தக் கம்ப்யூட்டரையே அழித்து, புதிதாக ஏற்றத் தொடங்கினேன். தெருவில் பொங்கல் பொங்கியதற்கான கூச்சல் கேட்டது. நேரப் பட்டியல் வந்ததும், ஒருதடவை கீழே இறங்கிக் கொழும்பில் நீலப் பட்டையை நிறுத்திப் பார்த்தேன். அது அப்பாவின் நேரம் அல்ல. மறுபடி மேலேறி மதராஸில் நிறுத்தினேன். அப்பா சவரம் செய்து, வெள்ளை வேட்டி கட்டி, விடிந்ததிலிருந்து வேலியின் படலைக் கதவைப் பிடித்துக்கொண்டு, ஒழுங்கை வழியே யார் வருகிறார் என்று பார்த்தபடி நின்றிருப்பார். அடுத்தது என்று இருந்த பொத்தானை அழுத்தினேன். மூலையில் மணி காட்டியது. அப்பாவின் கடிகாரத்திலும் அப்போது அதே நேரம்தான்.