ஆறாவது பெயர்

என் அம்மா முப்பத்தோரு வருடம் நகராட்சி அலுவலகத்தில் தட்டச்சு வேலை பார்த்தாள். அங்கே அவளுக்கு ரயில் என்று பட்டப்பெயர். அவ்வளவு வேகம், அதிலும் தடம் புரளாத ரயில். "இந்தம்மா அடிச்சதைப் படிச்சே பாக்க வேண்டாம், கண்ணை மூடிட்டுக் கையெழுத்துப் போடலாம்" என்று மேலாளர் சொல்வாராம். அதை எங்களிடம் நூறு தடவையாவது சொல்லியிருப்பாள்.

ஓய்வு பெற்ற பிறகு, நான் வேலை செய்யும் நூலகத்திலிருந்து அவளுக்கு வாரம் இரண்டு புத்தகம் எடுத்து வருவேன். அப்படி ஒரு வாரம் வந்ததுதான் அந்தப் புத்தகம். நான் பிறப்பதற்கு முன்னால், எங்கள் ஊரில் ஆற்றுக்கு அந்தப் பக்கத்துத் தெருக்களில், நாலே நாளில் ஓர் இனத்து மக்களைத் தேடித்தேடிக் கொன்றார்கள். அதில் ஒன்பது வயதில் பிழைத்த ஒருத்தி எழுதியது.

புத்தகம் கொடுத்த மூன்றாம் நாள் சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்தபோது அடுப்பில் பாத்திரம் தீய்ந்து புகைந்துகொண்டிருந்தது. அம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள். புத்தகத்தை விரித்து நீட்டினாள்.

கொல்ல வந்தவர்கள் கையில் பட்டியல் இருந்ததாம். வாசலில் நின்று கதவு எண்ணைச் சொல்லி, பெயர் பெயராக வாசித்தார்களாம். எழுதியவளின் அப்பா, அம்மா, சித்தி, அண்ணன், அவள் என்று ஐந்து பேர் வெளியே வந்தார்கள். "ஆறு இருக்கணுமே" என்றான் ஒருவன். உள்ளே போய்த் தேடினார்கள். துணிக்கூடைக்குள் தூங்கிக்கொண்டிருந்த தங்கையைத் தூக்கி வந்தார்கள். சுட்டபோது அப்பா அவள் மேல் விழுந்ததால் அவள் மட்டும் பிழைத்தாள்.

"அது நான் அடிச்ச லிஸ்ட்டுடி. அந்த ஆறாவது பேரு எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு" என்றாள் அம்மா.

வீட்டுக் கணக்கெடுப்பு என்று மேலிடத்திலிருந்து வந்த வேலை அது. அடித்து முடித்த அன்று ஒரு பெண், குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். கணக்கெடுத்த பிறகு பிறந்த குழந்தை. பட்டியலில் பெயர் இல்லாவிட்டால் பால் பவுடர் கார்டு கிடைக்காது. அடுத்த வருடம் வரச் சொல்லிக் குமாஸ்தா விரட்டிவிட்டார். அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்து, முடிந்த தாளை மறுபடி மெஷினில் ஏற்றி, இரண்டு வரிகளுக்கு நடுவே ஆறாவது பெயரைச் சேர்த்தாள். "நீங்க நல்லா இருக்கணும்க்கா" என்று சொல்லிவிட்டுப் போனாளாம் அந்தப் பெண். அதற்கு அஞ்சாவது மாதம் அந்த நாலு நாள் வந்தது.

"லிஸ்ட் வெச்சுக்கிட்டு வந்தாங்கன்னு அப்பவே ஊர்ல பேச்சு. அது வேற ஏதோ லிஸ்ட்டுன்னு நெனச்சுக்கிட்டேன். அப்படி நெனச்சுக்க வசதியா இருந்துச்சு."

என் அப்பா அம்மாவைத் தேற்றப் பார்த்தார். "எய்தவன் இருக்க அம்பை நோவானேன்? நீ அடிக்கலன்னா இன்னொருத்தி அடிச்சிருப்பா. உத்தரவு போட்டவன் பென்ஷன் வாங்கிட்டுக் காலைல நடக்கப் போறான்."

"அம்புக்குக் கண்ணு கிடையாதுங்க. எனக்கு இருந்துச்சே. யார் எந்த இனம்னு எதுக்குத் தனியா ஒரு கட்டம்னு ஒரு தடவைகூட நான் கேக்கல. பிழை இல்லாம இருக்கான்னு மட்டும் பாத்தேன்."

சரியாகச் சாப்பிடாமல் ஒரு மாதம் ஓடியது. பிறகு அந்த எழுத்தாளரைப் பார்க்க வேண்டும் என்றாள். பதிப்பகத்தில் கேட்டு விசாரித்தேன். பஸ்ஸில் இரண்டு மணி நேர தூரத்தில் தையல் கடை வைத்திருந்தார்.

"உன் மனபாரத்த எறக்கி வைக்க அவங்க தலைதான் கெடச்சுதா?" என்று கேட்டேன்.

"திட்டட்டும். ஆள் தெரிஞ்சு திட்டட்டும்."

நாங்கள் போனபோது அவர் துணி வெட்டிக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும். அம்மா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கத்தரிக்கோலைக் கீழே வைக்காமல் கேட்டார்.

"நீங்க சேக்கலன்னா அவ பொழச்சிருப்பாளா?"

"பொழச்சிருக்கலாம்மா."

"இப்ப நான் உங்கள மன்னிக்கணுமா?"

"அதுக்கு வரல. உங்களுக்குத் தெரியணும்னு வந்தேன்."

அவர் மறுபடி துணியை வெட்டத் தொடங்கினார். நாங்கள் செருப்பை மாட்டும்போது பின்னாலிருந்து குரல் வந்தது.

"எங்கம்மாவ நேர்ல பாத்தீங்கல்ல? எப்படி இருந்தாங்க? ஒரு போட்டோகூட மிஞ்சல. முகம் எனக்கு மறந்தே போச்சு."

அம்மா திரும்பி வந்தாள். "ஒல்லியா இருந்தாங்க. இடது புருவத்துல சின்னத் தழும்பு. பாப்பா என் மேசைல இருந்த முத்திரை மையில கையை வெச்சுட்டா. அதப் பாத்துச் சிரிச்சாங்க. முன்பல்லு ஒண்ணு மேல ஒண்ணு ஏறியிருந்துச்சு. சிரிச்சதும் கையால வாயை மூடிக்கிட்டாங்க."

அவர் ஸ்டூலில் உட்கார்ந்து வெட்டிய துணியில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். பிறகு நிமிர்ந்து, "இன்னும் சொல்லுங்க" என்றார்.

அம்மா யோசித்தாள். அந்தப் பெண்ணோடு அவள் இருந்ததே பத்து நிமிடம்தான்.

"அவ்வளவுதான்மா எனக்குத் தெரியும்" என்றாள்.

அதற்குப் பிறகு அவரிடமிருந்து கடிதமோ போனோ வரவில்லை. அடுத்த வருடம் புத்தகம் மறுபதிப்பு வந்தது. அதில் அவருடைய அம்மாவைப் பற்றிப் புதிதாக நாலு வரி இருந்தது. புருவம், பல், வாயை மூடிய கை. யார் சொன்னது என்று போடவில்லை. அம்மா அந்தப் பக்கத்தை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அன்னைக்கு வேலை இருக்குன்னு சீக்கிரமா அனுப்பிட்டேன்டி அவங்கள" என்றாள்.