இரவல் வந்த ஆட்டக்காரன்

சனிக்கிழமைகளில் இந்த ஆஸ்திரேலியச் சிற்றூரில் பந்தாட்டம் பார்க்கிறவர்கள் காரைவிட்டு இறங்குவதில்லை. மைதானத்தைச் சுற்றிக் கார்களை நிறுத்தி, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உள்ளேயே இருக்கிறார்கள். கோல் விழுந்தால் எல்லோரும் ஒரேயடியாக ஹார்ன் அடிக்கிறார்கள். முதல் தடவை நான் பதறிப்போய் ஓரமாக ஒதுங்கி நின்றேன். இலங்கையில் ராகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் வளர்ந்தவளுக்கு ஹார்ன் என்றால் தொரையின் கார் வருகிறது என்று அர்த்தம். கொழுந்துக் கூடையோடு ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கிவிட வேண்டும்.

இங்கே பந்து முட்டை மாதிரி நீளமாக இருக்கும். காலால் உதைக்கலாம், கையால் குத்தலாம். கோல் கொஞ்சம் தவறிப் பக்கத்தில் போனாலும் ஒரு புள்ளி கொடுத்துவிடுகிறார்கள், நல்ல மனசுக்காரர்கள்! அப்படியிருந்தும் எங்கள் கிளப் இந்த வருசம் ஒரு மேட்சிலும் ஜெயிக்கவில்லை. இளவட்டங்கள் வேலைக்கு மெல்பனுக்குப் போய்விடுகிறார்கள். இரண்டு வாரம் ஆள் சேராமல் ஆட்டமே நடக்கவில்லை. இன்னொரு முறை அப்படியானால் லீக்கிலிருந்து பெயரை எடுத்துவிடுவோம் என்று சொல்லிவிட்டார்கள்.

என் மகன் செல்வம் பால் ஃபெக்டரியில் வேலை செய்கிறான். நாற்பது தாண்டி, தொப்பையும் வைத்துவிட்டது. ஆனாலும் ஓடுகிறான். கிளப்பில் சேரும்வரை இந்த ஊரில் அவன் பெயர் யாருக்கும் தெரியாது. இப்போது கடைத்தெருவில் "செல்வா!" என்று கூப்பிடுகிறார்கள். கிளப்பை மூடினால் அந்தக் குரலும் நின்றுவிடுமோ என்று அவனுக்குப் பயம்.

இந்த வருசத்துக் கடைசி ஆட்டம் நடக்கவேண்டிய சனிக்கிழமை ஒருவன் தோளெலும்பு முறிந்து படுத்திருந்தான். இன்னொருவன் வீட்டில் மாடு கன்று போடுகிற நேரம். செல்வம் நான் உதவிக்கு நிற்கும் கிளப் கென்டீனுக்கு வந்து தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"ஒரு ஆளு கொறையுதும்மா. அவ்வளவுதான், முடிஞ்சிச்சு."

"அந்தப் பக்கம்தான் ஆளு நெறைய நிக்கிறாங்களே. ஒருத்தனக் கேளுங்களேன்டா."

"அம்மா, அவுங்க எதிர் டீமு!"

எதிர் டீமாக இருந்தால் என்ன? எங்கள் தோட்டத்து ஆட்களைக் குடும்பம் குடும்பமாக இந்தியாவுக்குக் கப்பலேற்றி அனுப்பிய காலத்தில், தோட்டத்தின் கீழ் டிவிசனில் பந்தடிக்க ஆளே இல்லை. எங்கள் மேல் டிவிசன்தான் என் அண்ணனை அனுப்பிவைத்தது. எதிரில் ஆளில்லாமல் யாரோடு விளையாடுவது? அண்ணன் போனதோடு நிற்காமல் எங்களுக்கே கோல் போட்டுவிட்டான். வீட்டுக்கு வந்ததும் எங்கள் லயத்து வீட்டு வாசலில் அம்மா கரண்டியோடு நின்றார்.

"ஏன்டா, மேல் லயத்துச் சோத்தத் தின்னுட்டு கீழ் லயத்துக்கா கோல் போடுற?"

"என்னம்மா செய்றது, பந்து காலுக்கு வந்துருச்சு."

"அப்ப சோறும் கீழ் லயத்துலயே கேளு, போ!"

அவன் நிஜமாகவே போய்க் கேட்டான். அவர்களும் போட்டார்கள்.

செல்வம் அசைகிற மாதிரி இல்லை. நான் யாரிடமும் வாய் திறக்காதவள். என்ன தைரியமோ, கென்டீன் பார்க்கும் பிரெண்டாவின் கையைப் பிடித்து எதிர் அணியைக் காட்டி, "கிவ், கிவ்" என்றேன். அவள் தலையாட்டிவிட்டு என் டீ ஃபிளாஸ்கை எடுத்துப் போய் அவர்களுக்கு ஊற்றத் தொடங்கினாள். நானும் பின்னாலேயே ஓடினேன். "நோ டீ! மேன்! ஒன் மேன்!" எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். எனக்குக் காது சுட்டது. பிரெண்டா விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு அவளே அவர்கள் கேப்டனிடம் சத்தமாகக் கேட்டாள். நடுவர் தலையைச் சொறிந்துவிட்டு, சரி என்றார்.

செம்பட்டை முடிக்காரன் ஒருவன் என் டீயைக் குடித்து முடித்து, எங்கள் நீலச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தான். காலில் மட்டும் அவன் கிளப்பின் சிவப்புக் காலுறை அப்படியே இருந்தது.

தோற்றோம், கணக்கில்லாமல் தோற்றோம். ஆனால் ஆட்டம் நடந்தது, அடுத்த வருசமும் கிளப் இருக்கும். எங்கள் பக்கத்துக்குக் கிடைத்த கடைசி கோலைப் போட்டவன் அந்தச் சிவப்புக் காலுறைக்காரன்தான். இரண்டு பக்கத்துக் கார்களும் சேர்ந்து ஹார்ன் அடித்தன. எந்தப் பக்கம் ஓடுவது என்று தெரியாமல் அவன் மைதானத்து நடுவில் நின்று சிரித்தான்.

நானும் அன்றைக்கு மேலே கிளப்பின் நீலக் கோட்டும் கீழே ராகலைச் சந்தையில் எடுத்த சேலையுமாகத்தான் இருந்தேன். ஹார்ன் கேட்டதும் ஒரு கால் தன்னால் ஓரத்துக்கு ஒதுங்கியது. மற்றக் கால் நகரவில்லை.